பஞ்சாபியில் குதிரையும் சவுக்கும்: வித்தியாசம் மெய்யிலா, பக்கத்து உயிரிலா?

ஈரோட்டுக்காது — 3 பிப்ரவரி, காலை 7.10

குதிரை, சவுக்கு, தொழுநோயாளி. பஞ்சாபியில் எழுதினால் மூன்று சொல். காதில் விழுவது ஒன்றே ஒன்று: கோடா. குதிரைக்கு எழுத்தில் இந்தியில் உள்ள அதே நான்காம் ககரம், மூச்சும் குரலும் சேர்ந்தது, இருக்கிறது. பேச்சில் மூச்சும் இல்லை, குரல் அதிர்வும் இல்லை. மூன்று பதிவையும் ப்ராட்டில் (பேச்சொலியை அலசும் மென்பொருள்) திறந்து, முதல் மெய்யை மட்டும் வெட்டி, அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். எது எதுவென்று சொல்ல முடியவில்லை. என் கட்சி இதுதான்: எழுத்து பழைய மிச்சம், ஒலி ஒன்று, இடம் பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். நம் ‘படி’க்கு எத்தனை பொருள், அதுபோல. மறுப்பவர்கள் அலைவரைவோடு வரவும்.

அலைவரைவி — 3 பிப்ரவரி, காலை 10.25

மெய் ஒன்றேதான், அதுவரை சரி. கத்தி வைத்த இடம் தப்பு. வெட்டி எறிந்த உயிரில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் எழுதும் முறை. தமிழ் எழுத்தில் நான்கு ககரத்துக்கும் ஒரே க என்பதால், பழைய வடமொழி அச்சுப் புத்தகங்களில் இருந்த எண் முறையை எடுத்துக்கொள்கிறேன். எண் இல்லாத க வெறும் வல்லினம், க² மூச்சோடு, க³ குரல் அதிர்வோடு, க⁴ இரண்டும் சேர்ந்தது. ச என்பது ‘பச்சை’யில் வரும் ஒலி. ‘ஓடு’ என்னும்போது நாக்கு மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு விழுகிறதே, அந்த வருடொலிக்கு ட⁵. தொனி, அதாவது பொருளை மாற்றும் சுருதி அசைவு: ↓ தாழ்ந்து ஏறுவது, ↑ ஏறி இறங்குவது, குறி இல்லையென்றால் சமம்.

சவுக்கு: கோடா⁵
குதிரை: கோ↓டா⁵
தொழுநோயாளி: கோ↑டா⁵

மூன்றிலும் முதல் மெய் ஒலிப்பிலா (குரல் அதிர்வில்லாத), மூச்சிலா ககரம். வெடிப்புக்கும் குரல் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளியை (இனி வி.ஓ.டி.) அளந்தால் மூன்றும் ஒரே வட்டாரத்தில் விழும். ககரத்துக்கு 20, 30 மில்லிவிநாடி என்று வரும். மூச்சுள்ள க² என்றால் 60-க்கு மேல் போய்விடும், க³ என்றால் வெடிப்புக்கு முன்பே அடியில் குரல் பட்டை தெரியும். இரண்டும் உங்கள் பதிவில் இல்லை. அதனால்தான் ஏமாந்தீர்கள்.

இப்போது முழுச் சொல்லை எடுத்துச் சுருதிக் கோட்டைப் பாருங்கள். சவுக்கில் கோடு கிட்டத்தட்டப் படுத்திருக்கும். குதிரையில் முதல் அசை பள்ளத்தில் தொடங்கி இரண்டாம் அசைக்குள் ஏறும். தொழுநோயாளியில் முதல் அசையிலேயே உச்சி, பிறகு ‘டா⁵’ முழுக்கச் சரிவு. இடம் பார்த்துப் பொருள் கொள்வது இல்லை இது. தனிச் சொல்லாகச் சொன்னாலும் பஞ்சாபிக்காரர் பிரித்துவிடுவார்.

அலைவரைவி — 3 பிப்ரவரி, காலை 10.40

விட்டுப்போனது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கிரஹாம் பெய்லி 1914-லேயே பஞ்சாபித் தொனியை ஒலிக்குறியோடு எழுதி அச்சிட்டுவிட்டார்.

நாமடி — 3 பிப்ரவரி, மதியம் 1.15

வர்க்கத்தில் ஐந்தாவது என்றால் ண அல்லவா? ட⁵ என்று எதையோ எழுதுகிறீர்கள்.

அலைவரைவி — 3 பிப்ரவரி, மதியம் 1.30

ண-வுக்குத்தான் தமிழில் சொந்த வீடு இருக்கிறதே. காலி மனையில் குடிசை போட்டேன்.

அலைவரைவி — 4 பிப்ரவரி, இரவு 9.05

பதிவு எடுக்கும் முறையைச் சொல்லாமல் ‘பாருங்கள், பாருங்கள்’ என்றால் நியாயமில்லை.

44,100 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம், சுருக்கப்படாத வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம். வெடிப்பு என்பது சில மில்லிவிநாடிச் சமாசாரம், எம்பி3 அதைத் தேய்த்து முன்னும் பின்னும் பூசிவிடும். அப்புறம் வி.ஓ.டி.யை எங்கிருந்து அளப்பது? கைபேசியில் எடுத்தால் இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணையுங்கள். இரைச்சல் நீக்கத்துக்கு மூச்சொலியும் மின்விசிறியும் ஒன்றுதான். க²-வின் மூச்சைத் தின்றுவிட்டு க ஆக்கித் தரும்.

ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே இல்லாமல் பக்கவாட்டில். நேரே வைத்தால் ப²-வின் காற்று மோதி ‘புப்’ என்று ஒரு குமிழ் விழும், வெடிப்பு எங்கே முடிந்தது என்றே தெரியாது.

சொற்களைப் பட்டியலாக வாசிக்கச் சொல்லக்கூடாது. பட்டியல் வாசிப்பில் ஒவ்வொரு சொல்லின் வாலும் தானாகத் தூக்கும், கடைசிச் சொல் மட்டும் விழும். தொனியை அளக்கப் போய் பட்டியல் ராகத்தை அளந்துவிட்டு வருவோம். ஒரு தாங்கு வாக்கியத்துக்குள் வையுங்கள்: ‘மைங் ___ கிஹா’ (நான் ___ என்றேன்). ஐந்து முறை, வரிசையைக் கலைத்து. முதலும் கடைசியும் கழிவு.

லூதியானாவட்டம் — 5 பிப்ரவரி, காலை 6.50

கிஹா வேண்டாம். நடுவில் நிற்கும் ஹ பஞ்சாபியில் ஹ-வாக நிற்காது, தொனியாக மாறும். சா↑ (தேநீர்) எழுத்தில் சாஹ். ஹ போய் ஏறி இறங்கும் தொனி மிச்சம். சா என்று சமமாகச் சொன்னால் ஆசை, உற்சாகம். ஆக உங்கள் தாங்கு வாக்கியமே ஒரு தொனிச் சொல்லில் முடிகிறது. அதற்கு முன்னால் நிற்கும் சொல்லின் வாலை அது இழுக்கும்.

‘உஹ்’, ‘இஹ்’ (அவன், இது) வைத்தும் தொடங்காதீர்கள். அவையும் அதே கதை.

அலைவரைவி — 5 பிப்ரவரி, காலை 8.20

ஒப்புக்கொள்கிறேன். தராசுத் தட்டிலேயே கல்லை வைத்து எடை போடச் சொல்லியிருக்கிறேன். ‘மைங் ___ ஆகி²ஆ’ என்று மாற்றுங்கள், அதில் தொனி இல்லை.

அலைவரைவி — 5 பிப்ரவரி, இரவு 10.10

அதுவும் சரிப்படாது. ‘கோடா⁵ ஆகி²ஆ’ என்றால் இரண்டு ஆ-வும் ஒட்டிக்கொள்கின்றன, சொல் எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. முன்னால் ‘மைங்’ இருப்பதும் தொல்லை. அதன் மூக்கொலி அடுத்த ககரத்தோடு சேர்ந்து மங்கி, அடைப்பு தொடங்கும் இடத்தை மறைக்கிறது.

மூன்றாவது: ‘ஜரா ___ போ³லோ’ (கொஞ்சம் ___ என்று சொல்லுங்கள்). முன்னால் சுத்தமான உயிர், பின்னால் ப³-வின் அடைப்பு. இருபுறமும் வேலி. இதில் தொனி ஒளிந்திருந்தால் லூதியானாவட்டம் சொல்லட்டும்.

லூதியானாவட்டம் — 6 பிப்ரவரி, காலை 6.45

இல்லை. இது போதும்.

ஈரோட்டுக்காது — 8 பிப்ரவரி, இரவு 11.30

எடுத்தேன். குதிரையில் பள்ளம் தெரிகிறது. வாபஸ் வாங்குகிறேன். மூன்று சந்தேகம்.

ஒன்று, ஆண் குரலையும் பெண் குரலையும் எப்படி ஒப்பிடுவது? இரண்டு, குதிரைக் கோட்டில் நடுவே சுருதி திடீரென்று பாதாளத்துக்கு விழுந்து மறுபடி ஏறுகிறது. அதுவும் தொனியா? மூன்று, நடுவில் வரும் நான்காம் எழுத்துகளும் இப்படித்தான் ஒலிப்பிலா ஒலி ஆகுமா?

அலைவரைவி — 9 பிப்ரவரி, காலை 9.00

ஹெர்ட்ஸில் ஒப்பிடாதீர்கள், அரைச்சுரத்தில் (வித்தியாசத்தை அல்ல, விகிதத்தைக் கணக்கிடும் இசைப் படி) ஒப்பிடுங்கள். 120-லிருந்து 150-க்கு ஏறினால் 30 ஹெர்ட்ஸ், 200-லிருந்து 250-க்கு ஏறினால் 50. அரைச்சுரத்தில் இரண்டும் ஒன்றே, சுமார் 3.9. காதும் அப்படித்தான் கேட்கிறது.

பாதாளம்: விழுந்த மதிப்பு முன்னதில் சரியாகப் பாதியா? அப்படியென்றால் அது தொனி இல்லை, ப்ராட்டின் தடுமாற்றம். சுருதி தாழும்போது குரல் கரகரத்தால் இரண்டு அதிர்வை ஒன்றாக எண்ணிவிடும். சுருதி எல்லையை ஆணுக்கு 75–300, பெண்ணுக்கு 100–500 என்று இறுக்குங்கள். அப்படியும் விழுந்தால் அலையைப் பெரிதாக்கி அதிர்வுகளைக் கையால் எண்ணுங்கள்.

இன்னொன்று: ஒலிப்பிலா மெய்யை அடுத்த உயிரின் முதல் சில அதிர்வுகளில் எந்த மொழியிலும் சுருதி சற்றே தூக்கலாக இருக்கும். அதனால் உயிரின் முதல் 30 மில்லிவிநாடியை விட்டுவிட்டு அளவெடுங்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குதிரையின் ககரம் ஒலிப்பிலாதது, அதன் பின் சுருதி தூக்க வேண்டும், ஆனால் தாழ்கிறது. ஒரு காலத்தில் அங்கே குரலும் மூச்சும் கலந்த க⁴ இருந்தது, அது சுருதியை அமுக்கி வைத்திருந்தது. மெய் குடிபெயர்ந்து போன பிறகும் அமுக்கிய தடம் அப்படியே கிடக்கிறது.

மூன்றாவதற்கு: ஆம், எங்கே வந்தாலும் மூச்சும் குரலும் போய்விடும்.

லூதியானாவட்டம் — 9 பிப்ரவரி, மதியம் 12.05

கடைசி வரி தவறு. மூச்சு போகும், குரல் போகாது. சொல்லின் முதலில் வந்தால்தான் ஒலிப்பிலா ஒலி. நடுவிலும் கடைசியிலும் குரலோடுதான் நிற்கும். பால்: து³↑த்த்³. பாதி: அ↑த்தா³. கிழவன்: பு³↑ட்டா³. எழுத்தில் மூன்றிலும் நான்காம் எழுத்து.

தொனி எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தமுள்ள உயிருக்குப் பின்னால் நான்காம் எழுத்து வந்தால் அந்த உயிருக்கு ↑. முன்னால் வந்தால் ↓. ஒரே வேர்ச்சொல்லில் இரண்டையும் காட்டலாம். ப↑ட்⁵ என்றால் படி, பாடம் படி. படா⁵↓ என்றால் படிப்பி, சொல்லிக்கொடு. எழுத்தில் அதே மூச்சு, அதே இடம். அழுத்தம் நகர்ந்ததும் தொனி தலைகீழ்.

அலைவரைவி — 9 பிப்ரவரி, மதியம் 12.40

சரி, அவசரத்தில் எழுதியது. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்காட்டாகத் தந்திருக்கலாமே நீங்கள். லூதியானா: நடுவில் நான்காம் தகரம், ஒலியில் த³, அடுத்த உயிரில் ↓. கடைசியில் ண. தமிழ்ப் பத்திரிகையின் ‘லூதியானா’வில் மூச்சைப் போட வழியில்லை, சரி. ண-வைப் போட என்ன தடை? ஹரியானாவும் அப்படியே, ஹரியாணா.

லூதியானாவட்டம் — 9 பிப்ரவரி, மதியம் 12.50

‘எங்கள் ஊர்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அலைவரைவி — 9 பிப்ரவரி, மதியம் 12.52

உங்கள் ஊர்.

நாமடி — 10 பிப்ரவரி, இரவு 8.30

பெயர்ப் பேச்சு வந்ததால் என் பங்கு. குறை எல்லாம் ஆங்கில எழுத்து வழியாகப் பார்த்து எழுதுவதில் வருகிறது.

சாலையோரத் ‘தாபா’: பஞ்சாபியில் டா↓பா³. நாவளை ட, நாக்கு நுனி பின்னால் வளைந்து வருவது. ஆங்கிலத்தில் ‘டி’யோடு ‘எச்’ சேர்ந்ததும் நாம் த என்று படித்துவிட்டோம். பதிண்டாவும் அதே விபத்து, அந்த ஊர் ப³டி²ண்டா³. சண்டிகரில் ர் இல்லை, சண்டீ³க³↑ட்⁵. பக்ரா நங்கல் அணையின் பக்ரா, பா↓க²டா⁵. பள்ளிக்கூட வரைபடத்தில் ட⁵ போய் ர வந்தது.

ஆனால் பாங்ராவில் ஒரு அதிர்ஷ்டம். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் ‘பா³’ என்று குரலோடு தொடங்குவார். தமிழ் மட்டும் படித்தவர் வல்லின ப-வில் தொடங்குவார். பஞ்சாபியில் அது ப↓ங்க்³டா⁵, ஒலிப்பிலா ப. எழுத்துப் பற்றாக்குறையே நம்மைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ‘பாய்’ (சகோதரன்) அதேபோல, பா↓ஈ. வீட்டுக்கான சொல் க↓ர், ‘செய்’ என்பது கர். இந்திக்காரர் காதில் பஞ்சாபிக்காரரின் வீடெல்லாம் ‘செய்’யாகவே விழுகிறது.

ஈரோட்டுக்காது — 10 பிப்ரவரி, இரவு 9.15

ட⁵-வை நாம் ழ என்று எழுதக்கூடாதா? பார்க்க அழகாக இருக்கிறது.

நாமடி — 10 பிப்ரவரி, இரவு 9.40

அழகுக்காக எழுதலாம், ஒலிக்காக வேண்டாம். ழ-வில் நாக்கு மேலே தொடவே தொடாது. அலைவரைவில் உயிர்போலத் தொடர்ந்து ஓடும், மூன்றாம் ஃபார்மண்ட் (வாயறையின் ஒத்திசைவால் அலைவரைவில் விழும் கறுப்புப் பட்டைகளில் கீழிருந்து மூன்றாவது) தாழ்ந்து கிடக்கும், இடைவெளி இருக்காது. ட⁵-வில் நாக்கு ஒரு தட்டுத் தட்டும், 20, 30 மில்லிவிநாடிக்கு ஒரு சின்ன வெளிறல் விழும். ‘ஓடு’, ‘வீடு’ சொல்லிப் பதிந்து பாருங்கள், அதே படம். தமிழருக்கு ட⁵ ஏற்கெனவே வாயில் இருக்கிறது, புதிதாகப் பழக வேண்டியதில்லை.

அலைவரைவி — 12 பிப்ரவரி, இரவு 10.20

நாவளை விஷயத்துக்கு வருவோம். இங்கேயும் என் பல்லவி அதுதான்: மெய்யைப் பார்க்காதீர்கள், பக்கத்து உயிரைப் பாருங்கள். இந்த முறை முன்னால் இருக்கும் உயிர்.

ஸத்த் (ஏழு), ஸட்ட் (காயம்). அடைப்பு நேரத்தில் இரண்டிலும் வெறும் மௌனம். மௌனத்துக்கு ஏது பல், ஏது அண்ணம்? ஆனால் ஸட்ட்-டின் அகரம் முடியும்போது மூன்றாம் ஃபார்மண்ட் சரிந்து இரண்டாவதை நெருங்கும். ஸத்த்-தில் அந்தச் சரிவு இல்லை. அடைப்பு திறந்து வெளியே வரும்போது வித்தியாசம் குறைவு. ட சொல்லத் தொடங்கும்போது நாக்கு நுனி பின்னால் வளைந்திருக்கிறது, அடைப்பு நடக்கும்போதே முன்னோக்கி வழுக்கி வருகிறது, விடுபடும்போது பல்லொலிக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதனால் நுழைவாயிலில் அடையாளம் பலமாகவும் வெளிவாசலில் மங்கலாகவும் இருக்கும்.

இதே காரணத்தால் சொல் முதலில் வரும் த³ர் (வாசல்), ட³ர் (பயம்) ஜோடி கடினம். முன்னால் உயிர் இல்லை. வெடிப்பு ஒன்றுதான் சாட்சி. த³-வின் வெடிப்பு மேலும் கீழும் பரவி மெலிந்திருக்கும், ட³-வின் வெடிப்பு நடுப்பகுதியில் திரண்டு உரக்க இருக்கும். ஜரா என்ற தாங்கு சொல்லின் ஆ முன்னால் இருந்தால் இங்கேயும் மூன்றாம் ஃபார்மண்ட் சரிவைப் பார்த்துவிடலாம். தாங்கு வாக்கியத்தால் இரண்டாவது லாபம்.

அலைவரைவி — 12 பிப்ரவரி, இரவு 10.55

ப்ராட்டில் வைக்க வேண்டிய அமைப்பு: அகலப்பட்டை அலைவரைவு, சாளர நீளம் 0.005 விநாடி, காட்டும் எல்லை 0–5000 ஹெர்ட்ஸ். ஃபார்மண்ட் மேல்வரம்பு ஆணுக்கு 5000, பெண்ணுக்கு 5500, எண்ணிக்கை 5.

ஒரு குழியைக் காட்டிவிடுகிறேன், எல்லோரும் இதில் விழுகிறார்கள். நாவளைக்கு முன் இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டிப்போகும்போது ப்ராட் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். நான்காவதை மூன்றாவதென்று பெயர் சூட்டும். விளைவு: எங்கே சரிய வேண்டுமோ அங்கே மூன்றாம் ஃபார்மண்டின் சிவப்புப் புள்ளிகள் 3000-க்கு மேல் துள்ளிக் குதிக்கும். எண்ணை மட்டும் நகலெடுத்து அட்டவணையில் போட்டவர் ‘பஞ்சாபி நாவளையில் மூன்றாம் ஃபார்மண்ட் உயர்கிறது’ என்று எழுதிவிடுவார். புள்ளியை நம்பாதீர்கள், பின்னால் உள்ள கறுப்புப் பட்டையைக் கண்ணால் பாருங்கள். எண்ணிக்கையை 6 ஆக்கினால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

ஈகாரத்துக்குப் பக்கத்தில் சரிவு சிறியதாகவே தெரியும். முன்னுயிருக்கும் வளைந்த நாக்குக்கும் ஒத்துவராது. சோதனையை ஆகாரத்தில் தொடங்குங்கள்.

லூதியானாவட்டம் — 13 பிப்ரவரி, காலை 6.30

ன, ண: கா²னா (பெட்டியின் அறை), கா²ணா (உணவு, உண்ணுதல்). ண உயிர்களுக்கு நடுவே நீண்டு நிற்காது. மூக்கால் சொன்ன ட⁵ என்று வைத்துக்கொள்ளுங்கள், ன-வைவிடக் குறுகியது. தமிழர் ‘கண்ணாடி’ ண்ண-வை இங்கே போட்டால் தவறு. பஞ்சாபியில் ண, ள, ட⁵ மூன்றும் சொல் முதலில் வராது, இரட்டிக்கவும் செய்யாது. முதல் விதி தமிழுக்கும் உண்டு. இரண்டாவதுதான் நமக்குப் புதிது.

ல, ள: கோ³லீ பணிப்பெண், கோ³ளீ குண்டு, மாத்திரை. க³ல்ல் பேச்சு, க³ள் கழுத்து.

நாமடி — 13 பிப்ரவரி, காலை 9.10

அகாலி ‘தளம்’ என்று நாம் ள போட்டு எழுதுகிறோம். பஞ்சாபியில் கட்சிக்கு வருவது ல, த³ல். ள போட்டு த³ள் என்றால் அரை, உடை என்று பொருள். தமிழ் எழுத்தில் அகாலி அரவைதான்.

ஈரோட்டுக்காது — 13 பிப்ரவரி, இரவு 10.00

என்னிடம் உள்ள பாடத்தில் குண்டுக்கும் பணிப்பெண்ணுக்கும் ஒரே எழுத்துதானே இருக்கிறது?

லூதியானாவட்டம் — 14 பிப்ரவரி, காலை 6.40

இந்தியப் பஞ்சாபில் எழுதும் குர்முகியில் ள என்பது ல-வின் காலடியில் ஒரு புள்ளி. அச்சில் பெரும்பாலும் வைப்பதில்லை, பேசுகிறவர் வாயில் தானாக வரும். புள்ளி இல்லாத பாடத்தை வைத்துக்கொண்டு ‘பஞ்சாபியில் ள இல்லை’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பாகிஸ்தானில் எழுதும் ஷாமுகியில் ள-வுக்கான எழுத்து யூனிகோடுக்குள் வந்ததே 2020-ல், 13-ஆம் பதிப்பில்.

கோப்பில் பெயரிடும்போது கவனம். புள்ளியோடு கூடிய ள-வை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ல-வும் புள்ளியுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. தொடக்கத்திலேயே ஒன்றை முடிவுசெய்யுங்கள்.

அலைவரைவி — 17 பிப்ரவரி, இரவு 9.50

இரட்டிப்பு. பதா (முகவரி, தெரியும்), பத்தா (இலை). ஸதா³ (எப்போதும்), ஸத்தா³ (அழைப்பு).

இதில்தான் தமிழ் நாக்கு வசமாக மாட்டுகிறது. உயிர்களுக்கு நடுவே ஒற்றை த வந்தால் தமிழில் அது இளகிக் குரலோடு வரும், ‘அது’வில் வருவதுபோல. வல்லினமாக வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். குறுகியதும் குரலற்றதுமான ஒற்றை த நம்மிடம் இல்லை. அதனால் பதா சொல்லச் சொன்னால் ஒன்று ‘பதா³’ என்போம், இல்லாவிட்டால் ‘பத்தா’ என்போம். முகவரி கேட்டால் இலையைப் பறித்துக் கொடுப்போம். மறுபக்கம், குரலோடு இரட்டித்த த்த³-வும் நம்மிடம் இல்லை. ஸத்தா³ நம் வாயில் ‘சத்தா’ ஆகிவிடும்.

அளப்பது சுலபம்: முன்னுயிர் முடிவிலிருந்து வெடிப்பு வரை அடைப்பின் நீளம். இரட்டித்தது ஒற்றையைவிடக் கண்ணுக்கே தெரியும்படி நீளம். பேச்சு வேகம் மாறினால் இரண்டும் சுருங்கும், ஆகவே அடைப்பைத் தனியாக ஒப்பிடாமல் முன்னுயிரோடு வகுத்து விகிதமாக வையுங்கள். பஞ்சாபியில் இரட்டிப்பு அ, இ, உ என்னும் குறில்களுக்குப் பின்னால்தான் வரும். நம் ‘பாட்டு’, ‘கூத்து’போல நெடிலுக்குப் பின் வராது. அதனால் விகிதம் அதிகம் குழப்பாது.

பழக ஒரு வழி: தாளைக் கிழித்து வாய்முன் பிடித்துப் பயனில்லை, அது மூச்சுக்குத்தான். விரல்களைத் தொண்டையில் வைத்துக்கொள்ளுங்கள். பதா சொல்லும்போது நடுவில் அதிர்வு ஒரு கணம் அறுபட வேண்டும், ஆனால் நாக்கு பல்லில் தங்கக்கூடாது.

அலைவரைவி — 21 பிப்ரவரி, காலை 7.30

மறுயோசனை. ‘மெய்யைப் பார்க்காதே’ என்பதை மந்திரம்போலச் சொல்லிக்கொண்டு போகிறேன். இரட்டிப்பு மெய்யிலேயே இருக்கிறது. பார், ப²ல் (பழம்), பா³ர் மூன்றின் தொடக்கமும் வி.ஓ.டி.யிலேயே பிரிந்துவிடும், சுருதி தேவையில்லை. சுருதி வேண்டியது பார் (அக்கரை), பா↓ர் (பாரம்) பிரிக்க மட்டும்.

ஸ, ஶ முழுக்க மெய்க்குள்தான். ஸ-வின் உரசல் ஆற்றல் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே குவியும், ஶ-வில் அதற்குக் கீழேயே தொடங்கிவிடும். காட்டும் எல்லையை 5000-ல் விட்டுவைத்தால் ஸ பாதி வெளியே போய்விடும், 10,000 ஆக்குங்கள். தொலைபேசி அழைப்பைப் பதிந்த கோப்பில் இதைத் தேடாதீர்கள். பழைய இணைப்பு 3400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடும், ஸ-வே அதற்கு மேலேதான் குடியிருக்கிறது. கிராமத்துப் பேச்சில் ஶ பலருக்கு ஸ-வாகவே வரும். அதைப் பதிவின் குறையென்று நினைத்துத் தூக்கி எறியாதீர்கள்.

லூதியானாவட்டம் — 21 பிப்ரவரி, காலை 8.00

வ, ப³ சேருங்கள். பஞ்சாபின் மாள்வா, தோஆபா வட்டாரங்கள் பக்கம் சொல் முதல் வ ப³ ஆகும். இருபது வீஹ், அங்கே பீ³ஹ். படத்தில் பிரிப்பது எளிது: ப³-வில் அடைப்பும் வெடிப்பும் உண்டு. வ-வில் வெடிப்பு இல்லை, மங்கிய ஃபார்மண்ட் தொடர்ந்து ஓடும்.

ஈரோட்டுக்காது — 2 மார்ச், இரவு 11.10

இணையத்தில் ‘பஞ்சாபி’ என்று கிடைத்த ஒரு பதிவில் குதிரை சுத்தமான க⁴-வோடு வருகிறது. சுருதியில் பள்ளமும் இல்லை. ப³ விசித்திரமாக இருக்கிறது, விழுங்கினாற்போல. எல்லாக் கணக்கும் உடைந்தது.

அலைவரைவி — 3 மார்ச், காலை 8.40

முல்தான், பஹாவல்பூர் பக்கத்துக் குரலாக இருக்கும். அது பாகிஸ்தானின் அந்தப் பகுதியில் பேசும் சராய்கி. அங்கே நான்காம் எழுத்துகள் மூச்சோடும் குரலோடும் உயிரோடிருக்கின்றன, தொனி வேண்டியதில்லை. விழுங்கும் ப³ உள்வாங்கு ஒலி. குரல்வளை கீழே இறங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். ப³, ஜ, ட³, க³ நான்கு இடத்தில் சராய்கியில் அது உண்டு, எழுதத் தனி எழுத்துகளும் உண்டு.

அலையைப் பெரிதாக்குங்கள். சாதாரண ப³-வில் அடைப்புக்குள் குரல் அலை வரவரச் சிறுக்கும், வாயில் காற்று நிரம்பி அழுத்தம் ஏறுவதால். உள்வாங்கு ப³-வில் அலை வரவரப் பெருக்கும். விசிறி விரிவதுபோல இருந்தால் அந்தக் கோப்பைத் தனி உறையில் போடுங்கள், கோடா கணக்கில் சேர்க்காதீர்கள்.

நாமடி — 3 மார்ச், காலை 9.20

இன்னொரு கலப்படமும் உண்டு. இந்தியும் படித்த பஞ்சாபிக்காரரிடம் சொல்லை எழுதிக் காட்டினால் எழுத்தைப் பார்த்துச் சிலர் மரியாதையாக க⁴ என்று மூச்சு விடுவார்கள். படத்தைக் காட்டுங்கள். குதிரைப் படம், சவுக்குப் படம். தொழுநோயாளிப் படம் தேட வேண்டாம், அதற்குப் பதில் வேறு மும்மை இருக்கிறது: கடீ⁵ (விட்டம், கண்ணி), க↑டீ⁵ (மோர்க்குழம்பு மாதிரி கடலைமாவும் தயிரும்), க↓டீ⁵ (கடிகாரம்). மூன்றுக்கும் படம் கிடைக்கும்.

ஈரோட்டுக்காது — 15 மார்ச், இரவு 10.30

கடீ⁵ மும்மை வேலை செய்தது. ப↑ட்⁵-டில் மட்டும் கடைசி மெய்யைக் காணோம். உயிர் முடிகிறது, போ³லோ தொடங்குகிறது, நடுவில் ஒன்றும் இல்லை.

அலைவரைவி — 15 மார்ச், இரவு 10.50

50 மில்லிவிநாடி மட்டும் திரையில் தெரியும்படி பெரிதாக்குங்கள். ப³-வின் அடைப்புக்கு முன்னால் ஒரு வெளிறிய கோடு, அதற்கும் அடைப்புக்கும் நடுவே இரண்டு மூன்று அதிர்வுக்கு உயிர்போல ஒரு துணுக்கு. அந்தக் கோடுதான் ட்⁵. மூன்றாம் ஃபார்மண்ட் அதற்கு முன்பே சரிந்திருக்கும்.

ஈரோட்டுக்காது — 15 மார்ச், இரவு 11.05

இருக்கிறது. 22 மில்லிவிநாடி.